நிறுத்தி ஓதக் கற்றுக்கொடுத்த மாலைகள்

பிறர் வாயை மூடவைப்பதற்காகச் சம்பளம் பெற்ற ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் உண்டு; சொல்லின் கடைசி எழுத்தில் மட்டும் மூடவைப்பதற்காக மாலைதோறும் மல்லுக்கட்டிய ஆசிரியன், ஐம்பதுகளின் காரைக்காலில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

பகலில் பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் கற்பித்தேன். அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்குப் பின், எங்கள் தெருப் பள்ளிவாசலின் முன்கூடத்தில், தாடி நரைத்த மாணவர்களுக்குக் குர்ஆன் ஓதலைத் திருத்திக் கொடுத்தேன். இளம் வயதில் ஓதிவிட்டு, பிறகு கடையிலும் கடலிலும் காலத்தைக் கழித்து, ஓதியதில் பாதியை வழியில் தவறவிட்டு வந்தவர்கள் அவர்கள். வளர்ந்தவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தி நொந்த அன்பர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், நான் சொல்லப்போகும் துன்பம் எதுவும் அவர்களுக்குப் புதிதாக இராது.

மற்றவர்களுக்காகச் சிறு விளக்கம் ஒன்று தேவை. அரபு மொழியில் பல சொற்களுக்கு இரண்டு முடிவுகள் உண்டு. நில்லாமல் அடுத்த சொல்லுக்குச் சென்றால் கடைசி உயிரொலி கேட்கும். அங்கேயே நின்றால் அது மறைந்துவிடும். செல்லும்போது 'ஆலமீன' என்று ஒலிப்பது, நிற்கும்போது 'ஆலமீன்' ஆகும். 'அஃப்வாஜன்' என்பது நின்றால் 'அஃப்வாஜா'. 'து' என ஒலிக்கும் ஒருவகை ஈறு, நின்றால் வெறும் மூச்சாக 'ஹ்' என்று அடங்கும். இந்த நிறுத்தத்துக்கு வக்ஃபு என்று பெயர். விதி இவ்வளவே. இதைக் கற்பிக்க ஒரு வாரம் போதும் என்று தொடக்கத்தில் நம்பினேன். என் மாணவர்களுள் பலருக்கு இது மறுமைக்கான முயற்சி. ஒருவருக்கு மட்டும், மனைவி மக்களோடு குடியிருக்க வீடு கிடைக்குமா கிடைக்காதா என்பதே இதைப் பொறுத்திருந்தது. அவரிடம் வருவதற்கு முன் வேறு இருவரைச் சொல்லிவிடுகிறேன்.

தண்டலின் குடும்ப வழக்கம்

சரக்குத் தோணி ஒன்றுக்குத் தண்டல், அதாவது தலைவர், ஹமீது. கருத்த, அகன்ற மார்புடைய மனிதர். அவர் குரலெடுத்தால் முன்கூடத்துக் கூரையில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் இடம் மாறும். அத்தகைய குரலை வைத்துக்கொண்டு அவர் 'அஹத்' என்ற சொல்லை ஒவ்வொரு முறையும் 'அஹது' என்றே முடித்தார். அந்தக் கடைசி மெய் சற்றே துள்ளி அடங்க வேண்டும். துள்ளல் ஓர் உயிராக வளர்ந்துவிடக் கூடாது. ஹமீதிடம் அது வளர்ந்தது மட்டுமன்றி, வீடு கட்டிக் குடியும் ஏறிவிட்டது.

குற்றம் அவருடையது மட்டும் அன்று. தமிழ்ச்சொல் எதுவும் வல்லின மெய்யில் முடிவதில்லை. அப்படி ஒரு சொல் வெளியிலிருந்து வந்து நின்றால், நம் நாக்கு தானாகவே ஓர் உகரத்தைக் கொண்டுவந்து அதற்கு முட்டுக்கொடுக்கும். கோட் 'கோட்டு' ஆனதும் பேங்க் 'பேங்கு' ஆனதும் இவ்வாறே. பகல் முழுவதும் குற்றியலுகரத்தின் பெருமையை எடுத்துரைத்துவிட்டு, மாலையில் அதே உகரத்தைப் பள்ளிவாசலை விட்டுத் துரத்துவது எனக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்பதை இலக்கண ஆசிரியர்கள் உணர்வார்கள். "நின்றால் அஹத், சென்றால் அஹதுனில்லாஹு. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் சொல்லும் அஹது எந்த ஊரைச் சேர்ந்தது?" என்று ஒருநாள் பொறுமையிழந்து கேட்டேன். அவர் சிறிதும் சினம் கொள்ளாமல் தாடியைத் தடவிக்கொண்டார். "உஸ்தாது, என் பேரு ஹமீது. வாப்பா பேரு மஜீது. தம்பி பேரு ரஷீது. எங்க குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் 'த்'துல நின்னதே இல்லீங்க."

பிரெஞ்சு ஆசிரியர் கண்ட ஒற்றுமை

இந்த நிறுத்த விதியை ஒரே நாளில் புரிந்துகொண்டவர் ஒருவர் உண்டு. அவர் என் மாணவரும் அல்லர், முஸ்லிமும் அல்லர். பகல் பள்ளிக்கூடத்தில் என்னோடு பணியாற்றிய பிரெஞ்சு ஆசிரியர் செபஸ்தியான்தான் அவர். பிரெஞ்சுக்காரர்கள் விடைபெற்றுக்கொண்டிருந்த காலம். இனித் தம் பாடம் இருக்குமா என்ற கவலை அவருக்கு இருந்தது. ஆயினும் காலுறையும் கழுத்துப்பட்டையும் இல்லாமல் அவர் ஒருநாளும் வகுப்புக்கு வந்ததில்லை. இடைவேளையில் நான் தண்டல் ஹமீதைப் பற்றி முறையிட்டபோது, அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தாம் கற்பிக்கும் பிரெஞ்சிலும் அதுவே வழக்கம் என்றார். பல சொற்களின் கடைசி மெய் எழுத்தில் இருக்கும். தனியே நின்றால் ஒலிக்காது. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் மட்டும் விழித்துக்கொள்ளும். 'லெ' என்று நிற்பது, நண்பர்களைக் குறிக்கும் 'அமி'யோடு சேரும்போது 'லெஸமி' ஆகும். இதைக் கற்பிக்க அவர் பட்ட பாட்டையும், கடைசி எழுத்தை ஒன்றுவிடாமல் உச்சரித்து அவரை வதைத்த பிள்ளைகளையும் பற்றிச் சொன்னார். இருவரும் நெடுநேரம் ஒருவருக்கொருவர் ஆறுதல் கூறிக்கொண்டோம். மணி அடித்ததும் எழுந்தவர், வாசலில் திரும்பிச் சொன்னார்: "உங்க அரபு எழுத்தும் எங்க பழைய துரை மாதிரிதான் வாத்தியாரே. பக்கத்துல இன்னொருத்தர் வந்தாத்தான் வாயைத் திறப்பார். தனியா நின்னா கம்முனு இருப்பார்."

சைகோனிலிருந்து வந்தவர்

காதர் அவர்களை நாங்கள் எல்லோரும் காதர் நானா என்றே அழைத்தோம். சைகோனில் துணிக்கடை வைத்திருந்தவர். அங்கே போர் மூண்டதால் கடையை விட்டுவிட்டு, மனைவியோடும் இரண்டு பெண்மக்களோடும் கப்பலேறி வந்து, மைத்துனர் வீட்டின் பின்கட்டில் தங்கியிருந்தார். மைத்துனர் நல்லவர், ஆனால் நல்லவர் வீட்டுப் பின்கட்டும் பின்கட்டுதான். அப்போது கோட்டுச்சேரிச் சாலையோரத்துச் சிறு பள்ளிவாசல் ஒன்றில் இமாம் பணி காலியாயிற்று. பழைய இமாம், மகனோடு இருப்பதற்காக மலாயாவுக்குப் போய்விட்டார். பணிக்கு வருபவர்க்குப் பள்ளியை ஒட்டிய ஓட்டு வீடும், அறுவடைதோறும் நெல்லும் உண்டு. பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஓதல் திருத்தமாக இருக்க வேண்டும். வருகிற ஒவ்வொருவரும் ஒரு மஃரிப், அதாவது அந்திநேரத் தொழுகை, நடத்திக்காட்ட வேண்டும். கேட்டுவிட்டு, பள்ளியை நிர்வகிக்கும் முத்தவல்லி முடிவு செய்வார்.

இளமையில் நன்றாக ஓதியவர் காதர் நானா. எழுத்துகள் அவர் நாவில் மணிமணியாக வந்தன. குறை ஒன்றே: அவருக்கு இழுப்பு நோய் இருந்தது. வசனத்தின் நடுவிலேயே மூச்சு தீர்ந்துவிடும். அப்போது அவர் நிற்கமாட்டார். கடைசி உயிரொலியை 'ஆலமீனஅஅ' என்று நீட்டி, குரலை மெல்ல மெல்லத் தேய்த்து, அந்தத் தேய்வின் மறைவில் களவாக மூச்சை வாங்கிக்கொள்வார். நின்றால் மறைய வேண்டிய ஒலி, நின்ற இடத்தில்தான் வாழைக்கன்றைப் போல நீண்டு வளர்ந்தது. நான் எத்தனையோ முறை தடுத்தேன். "அங்கே சொல்லை மூடுங்கள்; மூடிவிட்டு நிம்மதியாக மூச்சு வாங்குங்கள்" என்றேன். அவர் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மூடினா சத்தம் அடங்கிடும் உஸ்தாது. அடங்கினா நான் மூச்சு வாங்குறது ஊருக்கே கேக்குமே."

திரைக்கு அப்பாலிருந்து

ஒருநாள் அவர் வகுப்புக்கு வரவில்லை. பனிக்காலம், இழுப்பு மிகுந்திருக்கும் என்று எண்ணி, வீட்டுக்குச் சென்றேன். மைத்துனர் என்னை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். காதர் நானா சுவரில் சாய்ந்தபடி, தலையை மட்டும் அசைத்தார். உடல்நலம் அவ்வளவு மோசமாக இல்லை, மனம்தான் விழுந்திருந்தது. கோட்டுச்சேரியில் முந்தின நாள் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் தொழுகை நடத்திக்காட்டினாராம். ஒரு சூராவை, அதாவது குர்ஆனின் ஓர் அத்தியாயத்தை, முழுவதும் ஒரே மூச்சில் ஓதி முடித்தாராம். ஊர் அதையே பேசிக்கொண்டிருந்தது.

"நெடுமூச்சு ஒரு பேறு, ஆனால் அது ஓதலின் இலக்கணம் அன்று" என்று நான் தொடங்கினேன். கதவில் தொங்கிய திரைக்கு அப்பாலிருந்து வளையல் ஓசை கேட்டது. அதுவரை ஒரு சொல்லும் பேசாத அவர் மனைவி, என்னிடம் சொல்வதாகத் தொடங்கிக் கணவருக்குக் கேட்கும்படி சொன்னார்: "மூச்சு வாங்குறது தெரிஞ்சா தெரியட்டும்னு நீங்க சொல்லுங்க உஸ்தாது. நான் சொன்னா பொம்பளைப் பேச்சும்பாங்க. அவங்களுக்குத் தெரியாம வேலைக்குச் சேந்துட்டு, வருஷமெல்லாம் மறைச்சுக்கிட்டே தொழ வைக்க முடியுமா?"

மூச்சு விட இடம்

அதன்பின் பாடத்தை மாற்றினேன். மாலையில் இருவரும் அரசலாற்றங்கரையில் நடந்தபடியே ஓதினோம். நடப்பவர்க்குத் தம் மூச்சு எங்கே தீர்கிறது என்பது மறைவதில்லை. மூச்சு குறையும் இடத்தில் சொல்லை முறையாக மூடிவிட வேண்டும். பொருள் முற்றுப்பெறாத இடமாக இருந்தால், ஓரிரு சொல் பின்னே சென்று அங்கிருந்து தொடர வேண்டும். இது வலுவில்லாதவர்களுக்கான சலுகை அன்று. வல்லவர்களும் கடைப்பிடிக்கும் முறை. வசனம் முடியும் இடமெல்லாம் நின்று ஓதுவது அழகு என்று என் ஆசிரியர்கள் எனக்குக் கற்பித்திருந்தனர். நான் அதையே அவருக்குச் சொன்னேன். எதிரில் வந்தவர்கள், இரண்டு நரைத்த தாடிக்காரர்கள் நாலடிக்கு ஒருமுறை நின்று வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்து ஒதுங்கிச் சென்றனர்.

கோட்டுச்சேரியில் ஓதுவதற்கு எந்தச் சூராவைத் தேர்வது என்று ஆராய்ந்தபோது, 'அல்காரிஅஹ்' என்று தொடங்கும் சூராவில் காதர் நானா நின்றுவிட்டார். இறுதி நாளின் பேரிடியைச் சொல்லும் சூரா அது. வசனங்கள் சிறியவை. முதல் வசனம் ஒரே ஒரு சொல். தொடர்ந்து ஓதினால் 'அல்காரிஅது' என்று ஒலிக்கும். நின்றால் அந்தத் 'து' கரைந்து 'ஹ்' ஆகிவிடும். அதில் இரண்டு வசனங்கள் தவிர மற்ற எல்லாமே நிறுத்தத்தில் 'ஹ்' என்றுதான் அடங்குகின்றன. அதாவது, சொல்லை முடிப்பதும் மூச்சை வெளிவிடுவதும் ஒரே செயல். வெளிவிட்ட மூச்சு தானே உள்ளே வரும், களவு தேவையில்லை. அவர் முழுவதையும் ஓதி முடித்தபோது நெஞ்சில் வழக்கமான சீழ்க்கை ஒலி இல்லை. கண்கள் கலங்க, சிரித்துக்கொண்டே சொன்னார்: "பொருளை நெனைச்சா ஒடம்பு நடுங்குது உஸ்தாது; முடிவுல நின்னா மூச்சு வருது."

கோட்டுச்சேரியில் ஒரு மஃரிப்

குறித்த நாளில் பேருந்தில் புறப்பட்டோம். துணைக்கு வருவதாகச் சொல்லித் தண்டல் ஹமீதும் ஏறிக்கொண்டார். முத்தவல்லி அபூபக்கர் மரைக்காயர் நெல் வியாபாரி, குறைவாகப் பேசுபவர். எங்களை வரவேற்று, என்னை முன்வரிசையில் நிறுத்தினார். ஹமீதுக்குக் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. காதர் நானா முன்னே சென்று நின்றார். முதலில் ஓதும் ஃபாத்திஹா சூரா நன்றாக அமைந்தது. ஆமீன் முழங்கிற்று. பிறகு அவர் "அல்காரிஅஹ்" என்று ஓதி, மிகச் செம்மையாக நின்றார். அப்படி ஒரு நிறுத்தத்தை நானே ஓதியிருக்க முடியாது. அந்த அமைதியில் எனக்குப் பின்னாலிருந்து துணிகள் சரசரக்கும் ஓசை வந்தது. "மல்காரிஅஹ்" என்றார், நின்றார். மீண்டும் சரசரப்பு, யாரோ இருமினார், யாருடைய முழங்காலோ சொடுக்கிற்று. தொழுகையில் திரும்பிப் பார்க்க முடியாது. பள்ளிக்குள் ஆடு புகுந்துவிட்டதோ என்றுகூட எண்ணினேன். காதர் நானா அசையவில்லை. ஒவ்வொரு வசனமாக நின்று, மூச்சு வாங்கி, தொழுகையை முடித்தார்.

நடந்தது என்னவென்று பிறகே தெரிந்தது. பழைய இமாம் எந்தச் சூராவையும் இடையில் நில்லாமல் ஓதிச் செல்பவர். ஓதி முடித்துக் குனியும்போது 'அல்லாஹு அக்பர்' என்று அவர் சொல்லும் தக்பீர், சாலையில் போகும் வண்டிகளின் இரைச்சலில் பின்வரிசைக்குக் கேட்பதே இல்லை. எனவே அங்கே ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது: ஓதல் அடங்கினால் குனிந்துவிடுவது. நாகூர்க்காரரின் ஒரே மூச்சும் அவ்வழக்கத்துக்கு ஒத்துப்போயிற்று. காதர் நானா ஒரு சொல்லோடு நின்றதும், சூரா முடிந்ததாகக் கருதிக் கடைசி வரிசை முழுவதும் குனிந்தது, அவர் தொடர்ந்ததும் பதறி நிமிர்ந்தது, மறுபடியும் குனிந்தது. செருப்பு மாட்டும் இடத்தில் ஹமீது என் காதருகே வந்து சொன்னார்: "வாடைக்காத்துல பாய்மரம் ஆடுற மாதிரி வரிசையே சாஞ்சு சாஞ்சு நிமிந்துச்சு உஸ்தாது. நான் ஒருத்தன்தான் நங்கூரம் போட்ட மாதிரி நின்னேன்!"

பின்வரிசையின் தீர்ப்பு

முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. தொழுகை கூடியதா, அதாவது செல்லுபடியானதா, என்று ஒரு சிறு வாதம் எழுந்தது. நிமிர்ந்து இமாமோடு சேர்ந்துகொண்டதால் கூடியது என்று அடங்கிற்று. பிறகு எல்லோரும் முத்தவல்லியைப் பார்த்தார்கள். "போன வாரம் வந்தவரு ஒரே மூச்சுல ஓதினாரு. நீங்க அடிக்கு அடி நிக்கிறீங்க. ஏன்?" என்று அவர் கேட்டார். வசன முடிவில் நிற்பதன் சிறப்பைப் பற்றி நான் ஒரு விரிவுரைக்கு ஆயத்தமானேன். காதர் நானா என் கையைப் பற்றி நிறுத்தினார். "எனக்கு இழுப்பு இருக்குங்க" என்றார். "மூச்சு அவ்வளவுதான். நிக்க வேண்டிய எடத்துல நிக்கிறேன். நின்னா எப்படி முடிக்கணுமோ அப்படி முடிக்கிறேன். இதுல மறைக்க ஒண்ணுமில்லீங்க."

அந்த ஓட்டு வீடு கையை விட்டுப் போயிற்று என்று எண்ணி, நான் பேருந்து நேரத்தைக் கணக்கிடத் தொடங்கினேன். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு இஸ்மாயில் ராவுத்தர் முன்னே வந்தார். நெல்மூட்டை ஏற்றும் மாட்டுவண்டிக்காரர். கடைசி வரிசையின் நிரந்தர உறுப்பினர். அன்று மற்றவர்களைவிட ஒருமுறை அதிகமாகவே குனிந்தவர் என்று ஹமீது அடையாளம் காட்டினார். "மரைக்காரே, உள்ளதைச் சொல்லிடுறேன்" என்றார் ராவுத்தர். "பகலெல்லாம் வண்டியோட்டிட்டு வர்றேன். பழைய ஹஜ்ரத்து ஓத ஆரம்பிச்சா தாலாட்டு மாதிரி இருக்கும். கண்ணை மூடுவேன், சத்தம் அடங்கினா ஒடம்பு தானா குனியும். போன வாரம் வந்தவருக்குப் பின்னாலயும் நல்லாத்தான் தூங்கினேன். இன்னிக்கு எப்ப நிப்பாரு, எப்ப குனிவாருன்னு தெரியாம, காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். இத்தனை வருஷத்துல மஃரிபை முழுசா முழிச்சிருந்து தொழுதது இன்னிக்குத்தான்."

கூட்டத்தில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு பின்வரிசை முழுவதும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது. முத்தவல்லி சிரிக்கவில்லை. அவர் ராவுத்தரை ஒருமுறை பார்த்தார், பின்வரிசைக்காரர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காதர் நானாவின் கையில் வைத்தார். "தக்பீரை மட்டும் கொஞ்சம் பலமா சொல்லுங்க, ஹஜ்ரத். வூட்டுல ரெண்டு ஓடு ஒழுகுது. வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திக் குடுத்துடறேன்."

அரபுச் சொற்களின் ஈறுகளை அத்தனை ஆண்டுகள் பாடுபட்டுத் திருத்திய எனக்கு, கோட்டுச்சேரியில் இன்றுவரை நிலைத்திருக்கும் புகழெல்லாம் கடைசி வரிசைக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்த ஆசாமி என்பதுதான்.